பிள்ளை தடுக்கிய இடத்தில் தொடங்கும் தேடல்

தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்துகிறேன். ஏழாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், ஒரு மின்கலத்தையும் இரண்டு டார்ச் பல்புகளையும் தொடர் இணைப்பாகக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, எந்தப் பல்பு கூடுதலாக எரியும் என்று கேட்டேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மொதல் பல்புதான் மிஸ். வர்ற கரண்ட்டுல பாதிய அதுவே தின்னுடும், மிச்சந்தான் ரெண்டாவதுக்குப் போவும்" என்றான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. எல்லோருடைய எண்ணமும் அதுவாகவே இருந்தது.

அந்த விடையை அவன் எங்கிருந்தும் மனப்பாடம் செய்துகொண்டு வரவில்லை. "ஃபேனை நிறுத்து, கரண்ட் செலவாவுது" என்று வீட்டில் நாள்தோறும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, மின்னோட்டம் என்பது குடத்துத் தண்ணீரைப்போல மொண்டால் குறைகிற பொருளாகத் தோன்றுவது இயல்பு. செலவாவது ஆற்றல், பல்புக்குள் நுழைந்த மின்னோட்டம் அப்படியே மறுபக்கம் வெளியேறுகிறது. பாடநூலில் இது சரியாகவே இருக்கிறது. ஆனால் அவன் எந்த இடத்தில் தடுக்கினான் என்பது நூலுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அந்த மதியம் அவன் எதிரே நின்ற நான்தான்.

அதுவரை நான் இணையத்தில் தேடியதெல்லாம் பாடத்தின் பெயரை வைத்துத்தான். வகுப்பையும் பாடத்தின் பெயரையும் தட்டினால் வந்து நிற்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: ஒரு மதிப்பெண் வினா விடைகள், நோட்ஸ்கள், பாடத்தை வரிவரியாக வாசித்துக் காட்டும் காணொளிகள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவற்றுக்கு ஒரு பயன் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் நூல் சொன்னதையே இன்னொரு குரலில் சொல்பவை அவை, என் வகுப்புக்கு வேண்டியது வேறு. அன்று இரவு முதல் முறையாக, அந்தப் பையன் சொன்ன தவறான வாக்கியத்தையே தேடலாக இட்டேன். பல்பில் மின்னோட்டம் தீர்ந்துபோகுமா என்று தமிழிலும், அதே கேள்வியை ஆங்கிலத்திலும் தேடினேன். தமிழில் ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பெரிய உலகமே திறந்தது. 1980களிலிருந்தே இயற்பியல் கல்வி ஆய்வாளர்கள் பல நாட்டுப் பிள்ளைகளிடமும் இதே எண்ணத்தைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் செய்தி எனக்குத் தந்த ஆறுதல் பெரிது. மூன்றாம் வரிசைப் பையன் ஒன்றும் மந்தமானவன் அல்லன். உலகம் முழுவதும் பிள்ளைகள் நின்று யோசிக்கும் அதே இடத்தில்தான் அவனும் நின்றிருக்கிறான்.

அந்த வழியாகத்தான் ஃபெட் (PhET) சிமுலேஷன்களிடம், அதாவது கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் மாதிரிகளிடம், வந்து சேர்ந்தேன். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் தொடங்கிய திட்டம் அது. மின்சுற்றை நாமே கட்டிப் பார்க்கும் ஒரு சிமுலேஷன் அதில் இருக்கிறது. மின்கலம், பல்பு, ஒயர், சாவி எல்லாவற்றையும் விரலால் இழுத்து வைத்து இணைக்கலாம். இணைத்தவுடன் ஒயருக்குள் நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் நகரத் தொடங்கும். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பல்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என வைத்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். பல்பே இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் ஒயரால் இணைத்துவிட்டால் தீப்பற்றி எரிவதுபோலக் காட்டும்; குறுக்குச் சுற்று என்ற சொல்லை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் இதைத் திரையில் காட்டியபோது பிள்ளைகள் நம்பினார்கள். நான் நினைத்ததைவிட விரைவாக நம்பியதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. திரையில் வருவது எதுவானாலும் உண்மை என்று ஏற்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தின்மீது அறிவியலைக் கட்டக்கூடாது. ஆகவே மேசைமீது உண்மையான பல்புகளை வைத்து அதே சுற்றைக் கட்டினேன். ஒரு பல்பு நன்றாக எரிந்தது, மற்றது மங்கலாக எரிந்தது. நன்றாக எரிந்தது முதலில் இருந்த பல்பு. "பாத்தீங்களா மிஸ்!" என்று வகுப்பே எழுந்துவிட்டது.

கடையில் வாங்கும் இரண்டு டார்ச் பல்புகளின் மின்தடை ஒன்றுபோல இருப்பதில்லை. தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்ந்தாலும், மின்தடை கூடிய பல்பு கூடுதலாக ஒளிரும். சிமுலேஷனிலோ இரண்டு பல்புகளும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருக்கின்றன. இதை எந்த இணைய வளமும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு நிமிடம் திகைத்து நின்றுவிட்டு, பல்புகளை இடம் மாற்றிப் போட்டேன். இப்போது இரண்டாம் இடத்திலிருந்த பல்பு நன்றாக எரிந்தது. அதாவது நன்றாக எரிந்த பல்பு எங்கே போனாலும் நன்றாகவே எரிந்தது, இடத்துக்கும் ஒளிக்கும் தொடர்பு இல்லை. முதல் வரிசையிலிருந்த ஒரு பெண் மெதுவாக, "அப்ப பல்புலதான் மிஸ் வித்தியாசம், கரண்ட்டுல இல்ல" என்றாள். அந்த வாக்கியம் திரையிலிருந்து வந்திருந்தால் அரை மணி நேரத்தில் மறந்துபோயிருக்கும். அவள் வாயிலிருந்து வந்ததால் இன்றும் அந்த வகுப்புப் பிள்ளைகள் அதைச் சொல்கிறார்கள்.

அதே சிமுலேஷன் இன்னொரு கேள்வியையும் கிளப்பிவிட்டது. புள்ளிகள் இவ்வளவு மெதுவாக நகர்கின்றனவே, சுவிட்சைப் போட்டவுடன் லைட் எப்படி எரிகிறது என்று கேட்டார்கள். உண்மையில் வீட்டு ஒயருக்குள் எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்கின்றன. இதற்கு என்ன உவமை சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன், "வலை கயிறு மாதிரி மிஸ். இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் உடனே அசையும், கயிறு வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்" என்றான். கூடவே, "கையிலதான் சூடு ஏறும், கயிறு கொறையாது" என்றும் சொன்னான். மின்னோட்டம் செலவாவதில்லை, ஆற்றல்தான் இடம் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சரியான உவமை எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு முதல் சிமுலேஷனுக்கு முன்பே ஒரு நீளக் கயிற்றை வளையமாகக் கட்டி, பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துக் கைகளுக்குள் ஓடவிடுகிறேன்.

இந்த அனுபவத்திற்குப் பிறகு எந்த வளத்தையும் நான் எடைபோடும் முறை மாறிவிட்டது. அழகாக இருக்கிறதா, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, என் வகுப்பில் எந்தத் தடுமாற்றத்திற்கு இது மருந்து என்று கேட்கிறேன். அதற்கு விடை இல்லையென்றால், எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் அதை வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை.

நம் பாடநூலிலேயே இருக்கும் வளங்களை முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். 2018இல் புதிய பாடநூல்கள் வரத்தொடங்கியபோது அவற்றில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தன. கியூஆர் கோடு என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு, 2017இல், மத்திய அரசு தொடங்கிய தீக்ஷா என்ற இணையக் கற்றல் தளத்துக்கு அந்தக் குறியீடுகள் அழைத்துச் செல்கின்றன. கேமரா சரியில்லாத போனாக இருந்தால், குறியீட்டின் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துகளையும் எண்களையும் செயலியில் தட்டினாலே போதும். இதை அறியாமல் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவதிப்படும் ஆசிரியர்களை இன்றும் பார்க்கிறேன். அங்கே இருக்கும் காணொளிகளை முன்கூட்டிப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் இல்லாமலும் ஓடும். பாடநூலின் இணையச் செயல்பாட்டுப் பக்கங்களையும் நான் விடுவதில்லை. ஃபெட்டையும் கணிதத்துக்கான ஜியோஜீப்ராவையும் என் சக ஆசிரியர்கள் பலருக்கு முதலில் அறிமுகம் செய்தவை அந்தப் பக்கங்கள்தாம். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள், காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளைக்குப் பேருதவி. வகுப்பு நடக்கும்போது மட்டும் அவற்றை ஓடவிடுவதில்லை, ஏனென்றால் அங்கே பேசும் ஆசிரியரிடம் என் பிள்ளைகள் கேள்வி கேட்க முடியாது.

தமிழில் தேடுவது என்பது தனியாக ஒரு பாடு. ஒரே சொல்லை ஒருவர் சேர்த்து எழுதுகிறார், இன்னொருவர் பிரித்து எழுதுகிறார். மின்சுற்று என்று தேடினால் கிடைக்காதது மின் சுற்று என்று இடைவெளி விட்டால் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய தடை எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஏராளமான வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் இணையத்தில் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அவை, தேடுபொறிக்கு வெறும் ரோமன் எழுத்துக் குவியல். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, தரமாக ஏற்ற பின்னும் பழைய பழக்கம் நீடித்ததால், நம் ஆசிரியர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த நல்ல பொருள்கள் யார் கண்ணிலும் படாமல் புதைந்திருக்கின்றன. அதனால்தான் என் சக ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் செய்யும் ஒரு பக்கப் பயிற்சித் தாளாக இருந்தாலும் அதை ஒருங்குறியில் தட்டுங்கள். ஒன்பது மணிக்கு மேல் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு நீங்கள் உட்கார்ந்து செய்த வேலை, திருவொற்றியூரில் இருக்கும் இன்னோர் ஆசிரியைக்குக் கிடைக்காமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

தேடிக் கிடைத்த பின்னும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன். இலங்கையின் கல்வித் துறையினர் தமிழ்வழிப் பாடநூல்களை முழுமையாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஈ-தக்சலாவ என்ற அவர்களுடைய கற்றல் தளத்திலும் தமிழில் பொருள்கள் உள்ளன. அறிவியலைத் தமிழிலேயே சிந்தித்து எழுதிய நீண்ட மரபு அவர்களுடையது, படங்களும் பயிற்சிகளும் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த விருப்பத்தில், எடையையும் நிறையையும் வேறுபடுத்தும் பயிற்சி ஒன்றை அப்படியே அச்செடுத்து வகுப்பில் கொடுத்துவிட்டேன். நிறை இடத்துக்கு இடம் மாறும் என்று அதில் இருந்தது. நிறை மாறாது, எடைதான் மாறும் என்று முந்தைய நாள்தான் நான் நடத்தியிருந்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், நான் தாளைப் பார்த்தேன்.

தாளில் பிழை இல்லை. நாம் நிறை என்று சொல்வதை அவர்கள் திணிவு என்கிறார்கள். நாம் எடை என்று சொல்வதை அவர்கள் நிறை என்கிறார்கள். வேகத்திலும் இதே சிக்கல் உண்டு. நம் நூலில் வேகம், திசைவேகம் என்று இரண்டு. அவர்களுடைய நூலில் கதி, வேகம் என்று இரண்டு. திசையையும் சேர்த்துச் சொல்லும் அளவு அவர்களுக்கு வேகம், நமக்குத் திசைவேகம். ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்பதும் ஆக்சிஜனை ஒட்சிசன் என்பதும் ஊகித்துக்கொள்ளக் கூடிய வேறுபாடுகள். ஆனால் ஒரே சொல் இரண்டு பொருள்களில் வரும்போது பிள்ளை மட்டுமல்ல, ஆசிரியரும் விழுந்துவிடுவார். அன்றிலிருந்து அந்தப் பொருள்களைத் தவிர்ப்பதற்குப் பதிலாக, இரண்டு பத்திகள் கொண்ட ஒரு சொற்பட்டியலை எழுதி என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு அதையே ஒரு பாடமாகவும் நடத்துகிறேன். ஒரு கருத்து நன்றாகப் புரிந்த பிள்ளையால்தான், பெயர் மாறி வந்தாலும் அதை அடையாளம் காண முடியும்.

காணொளிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் யூடியூபை நேரடியாகத் திறப்பதை நிறுத்தி நெடுநாள் ஆகிறது. செல் பிரிதல் பற்றிய காணொளியின் நடுவே பணம் வைத்து ஆடும் ஒரு விளையாட்டின் விளம்பரம் வந்தது. நாற்பது பிள்ளைகள் அந்த விளம்பரத்தைத்தான் மறுநாள்வரை பேசினார்கள். இப்போதெல்லாம் மூன்று அல்லது நான்கு நிமிடத்துக்கு மிகாத துண்டுகளையே தேர்ந்தெடுக்கிறேன். வேண்டிய இடத்தில் முன்கூட்டியே நிறுத்தி வைக்கிறேன். பெரும்பாலும் ஒலியை அணைத்துவிட்டு நானே பேசுகிறேன். ஒலி அணைந்ததும் ஒரு நல்ல மாற்றம் நிகழ்கிறது. "இப்ப என்ன நடக்கும்னு நினைக்கறீங்க?" என்று நிறுத்திக் கேட்க முடிகிறது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசும் காணொளிகூட, ஒலியை அணைத்தால் நம் மொழிக்கு வந்துவிடுகிறது.

பிள்ளைகளின் வீட்டில் போன் இருக்கிறது என்பதால் இணையமும் இருக்கிறது என்று எண்ணுவது தவறு. ஒரு வீட்டுக்கு ஒரு போன், நாளுக்கு ஒன்றரை ஜிபி, அந்தப் போனும் அப்பாவோடு ஹார்பருக்கோ கடலுக்கோ போய்விடும். இரவு பத்து மணிக்கு அவர் வந்த பிறகு பிள்ளை எதைப் பார்க்கும்? அதனால் வீட்டுப்பாடமாக எந்த இணைப்பையும் நான் அனுப்புவதில்லை. ஃபெட் சிமுலேஷன்கள் ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கும், பிரவுசர் இருந்தால் நெட் இல்லாமலே ஓடும். பென்டிரைவில் போட்டு வைத்து, மதிய உணவு இடைவேளையில் பள்ளிக் கணினியைத் திறந்துவிடுகிறேன். மொழிபெயர்ப்பைத் தன்னார்வலர்கள் செய்வதால் எல்லாம் தமிழில் இல்லை. இல்லாதவற்றுக்குப் பொத்தான்களின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒரு சீட்டை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிடுகிறேன்.

படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம் எனக்குப் போதும். பெயர் குறிக்காத செல் படம், இதயப் படம், பூவின் பாகங்கள் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தும் உரிமையும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. வாசிப்பில் தயங்கும் பிள்ளைகளுக்குப் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து கதைகளை அச்செடுத்துத் தருகிறேன். கதைகள் வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஏழாம் வகுப்புப் பையனுக்கு இரண்டாம் நிலைக் கதையைக் கொடுக்கும்போது அவன் வகுப்பைக் குறிக்கும் எண் எதுவும் அட்டையில் கண்ணை உறுத்தாது.

எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானது அரவிந்த் குப்தாவின் தளம். ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு, குப்பையில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு பேட்டரி, ஒரு காந்தம், இரண்டு ஊக்குகள், கொஞ்சம் செம்புக் கம்பி இருந்தால் ஒரு மோட்டார் செய்துவிடலாம் என்று அவர் காட்டுகிறார். தண்டையார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் கடைக்கார அண்ணனிடம் கேட்டபோது, வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளை ஒரு பை நிறையத் தந்தார். கம்பியின்மேல் இருக்கும் எனாமலை ஒரு முனையில் முழுவதும், மறுமுனையில் பாதி மட்டும் சுரண்ட வேண்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டினால் சுருள் ஆடி நின்றுவிடும். இதைக் காணொளியைப் பார்த்து நான் சொன்னபோது பாதிப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அந்த அண்ணன் மகளும் என் வகுப்பில்தான் படிக்கிறாள். பிளேடைப் பிடிக்கும் விதத்தை அவள்தான் எல்லோருக்கும் காட்டினாள்.

தேடிக் கண்டவற்றையெல்லாம் ஒரு நீளமான நோட்டில் எழுதி வருகிறேன். தளத்தின் பெயர் ஒரு வரி. அதற்குக் கீழே, எந்தப் பிள்ளையின் எந்தக் கேள்விக்காகத் தேடினேன், வகுப்பில் எத்தனை நிமிடம் எடுத்தது, எங்கே சறுக்கியது, பிள்ளைகள் புதிதாக என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அரைப் பக்கம். பக்கத்து வகுப்பு ஆசிரியை அந்த நோட்டை வாங்கிப் போகும்போது தளத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, அந்த அரைப் பக்கத்தைத்தான் படிக்கிறார்.

இந்த வாரம் அதில் ஒரு பக்கம் பாதியில் நிற்கிறது. வெப்பப் பாடத்தின்போது ஒரு பெண் கேட்டாள்: "ராத்திரி வர்ற குல்பிக்காரரு ஐஸ்ல உப்பு போடறாரு மிஸ். உப்பு போட்டா ஐஸ் சீக்கிரம் கரையுதே, அப்புறம் எப்படி மிஸ் குல்பி இன்னும் கெட்டியாவுது?" உப்பு பனிக்கட்டியின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது, உருகும் பனிக்கட்டி தனக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள கலவையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் கலவை பூச்சியத்துக்கும் கீழே குளிர்கிறது. இதை ஏழாம் வகுப்புத் தமிழில் சொல்லும் ஒரு நல்ல பொருளை மூன்று இரவுகளாகத் தேடியும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே வியாழக்கிழமை காலை காசிமேட்டிலிருந்து ஒரு வாளி ஐஸ் கொண்டுவருவதாக அந்த வலைக்கயிற்றுப் பையனின் தம்பி சொல்லியிருக்கிறான். கல்லுப்பு வாங்கிவிட்டேன். பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டரில் கீழ்க்கோடு மைனஸ் 10இல் முடிகிறது. பாதரசம் அந்தக் கோட்டைத் தொடுமா என்று வகுப்பில் இப்போதே இரண்டு கட்சி சேர்ந்திருக்கிறது.